பறவை விரட்டும் ஒலித் தோட்டாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான ஓடுதளம், குப்பைக் கிடங்கு, மீன் பண்ணை, விளைந்த வயல் ஆகிய இடங்களில் பறவைகளைக் கலைக்கப் பயன்படும் வெடித் தோட்டாக்களைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. விமான நிலையப் பயன்பாட்டை முதன்மையாகக் கொண்டே விடைகள் அமைந்திருக்கின்றன. ஏனெனில் இத்தோட்டாவின் பலமும் பலவீனமும் அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

ஒலித் தோட்டா என்பது என்ன?

பறவையைக் கொல்லாமல், சத்தத்தால் எழுப்பி விரட்டுவதற்கென்றே செய்யப்படும் வெடிபொருள் இது. வேட்டைத் தோட்டாவில் ஈயக் குண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இதில் ஒரு சிறிய வெடிக்குப்பி இருக்கும். சுட்டவுடன் அந்தக் குப்பி காற்றில் பாய்ந்து செல்லும். அதனுள் இருக்கும் தாமதத் திரி ஓரிரு நொடிகள் எரிந்து முடிந்ததும், குப்பி பறவைக் கூட்டத்தின் அருகே வானிலேயே வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு சத்தங்கள் எழுகின்றன. முதலாவது சுடுபவரின் கையில் எழுவது. இரண்டாவது, ஒளியும் புகையும் சேர்ந்து, பறவையின் பக்கத்தில் எழுவது. விரட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சத்தமே.

தீபாவளி வெடியைக் கொளுத்தினால் போதாதா?

தரையில் வைத்துக் கொளுத்தும் வெடி, கொளுத்தியவரின் காலடியிலேயே வெடிக்கிறது. இருநூறு அடி தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும் கொக்குக் கூட்டத்துக்கு அது தொலைவில் எங்கோ கேட்கும் ஓசை மட்டுமே. வாணமோ காற்று இழுத்த பக்கம் போகும். எரியும் குச்சியோடு காய்ந்த புல்லில் விழுந்து தீ வைக்கவும் கூடும். ஒலித் தோட்டா தரும் நன்மை அதன் சத்தத்தின் அளவில் இல்லை. அந்தச் சத்தத்தைத் திட்டமிட்ட இடத்திலும் நேரத்திலும் கொண்டுபோய் வைக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

இதில் என்னென்ன வகைகள் உண்டு? எவ்வளவு தூரம் செல்லும்?

பரவலாகப் புழங்குவன மூன்று. முதல் வகை 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு தோட்டா. விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வைக்கும் துப்பாக்கியைப் போன்ற ஒரு கையடக்க ஏவியின் முனையில் இதைச் செருகி, ஒரு வெற்றுத் தோட்டாவின் உந்துதலால் ஏவுவார்கள். இதில் வெடிப்பவை, சீழ்க்கையடிப்பவை என இரு பிரிவுகள் உண்டு. வெடிப்பது சில பத்து மீட்டர் சென்று ஒரே ஒரு வேட்டு வைக்கும். சீழ்க்கைத் தோட்டா வெடிக்காமல், தான் பறக்கும் வழி முழுவதும் கூர்மையாகக் கூவிக்கொண்டே செல்லும். இரண்டாம் வகை, 12 போர் எனப்படும் குழல் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியில் இடும் தோட்டா. இது ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரை செல்லும். மூன்றாம் வகை, பெரிய ஏவியில் இட்டு 300 மீட்டர் வரை அனுப்பக்கூடிய நெடுந்தூரத் தோட்டா. ஓடுதளத்தின் மறுபக்கத்தில் இறங்கியிருக்கும் வாத்துக் கூட்டத்தை அடைவதற்கு ஏற்றது. பிரிட்டனின் விமானத் தளங்களில், அபாய ஒளி ஏவப் பயன்படும் ஒன்றரை அங்குல வாயுள்ள சமிக்ஞைத் துப்பாக்கியையே இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

சத்தம் கேட்டதும் பறவை ஏன் ஓடுகிறது?

திடீரென எழும் பேரோசைக்கு உடல் காட்டும் துணுக்குறுதல் ஒரு காரணம். அது கணநேரத்தில் தோன்றிக் கணநேரத்தில் தணிந்துவிடும். அதனால் பறவை மேலெழும்பும்; ஆனால் இடத்தை விட்டுப் போகாது. போக வைப்பது அடுத்த நிலை: எழும்பிய பறவை சுற்றிப் பார்த்து, ஆபத்து எங்கிருந்து வருகிறது, அது தன்னைத் தொடர்கிறதா என்று எடை போடுகிறது. ஒரு வண்டி தன்னை நோக்கி வந்து நின்றதும், அதிலிருந்து ஒருவர் இறங்கியதும், இரண்டாவது வேட்டு தனக்கு இன்னும் நெருக்கமாக வெடித்ததும் அதன் கண்ணில் பட்டால்தான், இந்த நிலத்தில் இன்றைக்கு இரை தேட இயலாது என்ற முடிவுக்கு வருகிறது.

நம் முன்னோரின் தினைப்புனக் காவலிலும் இதுதான் நடந்தது. பரண் மேல் நின்ற குறமகள் தட்டை, தழல், குளிர் என்னும் கருவிகளை மாற்றி மாற்றி ஒலித்தாள், ஆலோலம் பாடினாள், கவண்கல் எறிந்தாள். கிளிகள் அந்தக் கருவிகளின் ஓசைக்கு மட்டும் அஞ்சியிருந்தால் இரண்டே நாளில் பழகிப்போயிருக்கும். அவை அஞ்சியது விழித்திருந்து, இடம் மாறி, தங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கு. ஒலித் தோட்டாவை வாங்க நினைக்கும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே: தோட்டா காவலாளியின் கையை நீட்டித் தருகிறது, காவலாளிக்கு மாற்றாக நிற்காது.

பறவைகள் இதற்குப் பழகிவிடுமா?

பழகிவிடும். இத்துறையில் பணியாற்றும் எல்லோரும் சந்திக்கும் முதன்மைச் சிக்கல் இதுதான். ஒரே சத்தம், ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, எந்தத் தீங்கும் தொடராமல் திரும்பத் திரும்பக் கேட்டால், அது இடி முழக்கம்போல வந்துபோகும் ஒன்று என்று பறவை கற்றுக்கொள்கிறது. சில நாள்களிலேயே வேட்டு வெடிக்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும் பறவைகளைக் காணலாம். அந்த நிலை வந்த பிறகு சத்தத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவது, பறவைக்கு மேலும் நன்றாகப் பாடம் நடத்துவதற்கே சமம்.

இதைத் தள்ளிப்போடச் சில வழிகள் உண்டு. வேட்டையும் சீழ்க்கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது ஒன்று. அந்தந்த இனத்தின் அபாயக் குரலை ஒலிபெருக்கியில் ஒலித்து, பறவைகள் எழுந்து வட்டமிடும் வேளையில் தோட்டாவை ஏவுவது இன்னொன்று. பறவை இறங்கிய பிறகு விரட்டுவதைவிட இறங்க வரும்போதே விரட்டுவது நல்லது. வயிறு நிறைய உண்டு பழகிய இடத்தை எந்த உயிரும் எளிதில் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தேவையற்ற நேரத்தில் சுடாமலிருப்பது. பறவையே இல்லாத வேளையில் கடமைக்காக வைக்கப்படும் ஒவ்வொரு வேட்டும், நாளைய தேவைக்கான வேட்டின் வலிமையைத் தின்றுவிடுகிறது.

ஆயினும் பறவை வருவதற்கான காரணம் அங்கேயே இருக்கும்வரை இவை யாவும் தற்காலிக ஏற்பாடுகளே. மழைக்காலத்தில் ஓடுதளப் புல்லில் பெருகும் பூச்சிகளும் மண்புழுக்களும் ஆள்காட்டிக் குருவியையும் மைனாவையும் அழைக்கின்றன. மதிலுக்கு வெளியே கொட்டப்படும் இறைச்சிக் கழிவு பருந்துகளை அழைக்கிறது. இந்திய வானூர்தி விதிகள், விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்திருப்பது இதனால்தான். அந்த விதியை உண்மையாக நடைமுறைப்படுத்தும் ஒரு நகராட்சி, ஆயிரம் தோட்டாக்கள் செய்ய முடியாததைச் செய்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கே நின்று, எந்தத் திசையில் சுட வேண்டும்?

பறவை தப்பி ஓட ஒரு வழி வேண்டும். அந்த வழி ஓடுதளத்துக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். ஆகவே சுடுபவர் ஓடுதளத்துக்கும் பறவைக் கூட்டத்துக்கும் இடையே நின்று, குப்பி தமக்கும் பறவைகளுக்கும் நடுவிலோ கூட்டத்துக்குச் சற்று மேலேயோ வெடிக்கும்படி ஏவ வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் பெரும்பிழை, கூட்டத்தைத் தாண்டி அப்பால் வெடிக்க வைப்பது. அப்போது ஆபத்து பின்னாலிருந்து வருவதாக எண்ணும் பறவைகள் முன்னோக்கி, அதாவது ஓடுதளத்தை நோக்கியே பறந்துவரும். விலக்க நினைத்ததை நாமே விமானத்தின் பாதையில் கொண்டுவந்து நிறுத்தியதாகிவிடும்.

காற்றின் திசையும் முக்கியம். பறவைகள் காற்றை எதிர்த்தே மேலெழும்பும். எழும்பிய பின்பே திரும்பும். எனவே முதல் சில நொடிகளில் கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். விமானம் இறங்கும் பாதையில் நெருங்கிவிட்ட நேரத்தில் சுடவே கூடாது. தரையில் அமைதியாக மேயும் நூறு பறவைகளைவிட, கலைந்து வானில் சுழலும் நூறு பறவைகள் பன்மடங்கு ஆபத்தானவை; கலைந்தவை வெளியேறவோ மீண்டும் அமரவோ சில நிமிடங்கள் ஆகும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலித் தொடர்பில் இருந்து, அவர்கள் தரும் இடைவெளியில் மட்டுமே சுடுவது அதனால்தான் கட்டாயமாகிறது. சுட்டு முடித்த பின் விழுந்த உறைகளைப் பொறுக்குவதும் வேலையின் பகுதியே. ஓடுதளத்தில் கிடக்கும் ஒரு சிறு துண்டும் எஞ்சினுக்குள் இழுக்கப்படலாம்.

பெரிய விமான விபத்துகளை இந்தத் தோட்டாக்கள் தடுத்திருக்குமா?

சிலவற்றைத் தடுத்திருக்க வாய்ப்புண்டு. சிலவற்றை நிச்சயமாகத் தடுத்திருக்காது. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம், மேலெழும்பிய சில நொடிகளில் மைனா இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகளின் கூட்டத்தில் மோதி நீரில் விழுந்தது. 62 பேர் இறந்தனர். 1988 செப்டம்பர் 15 அன்று எத்தியோப்பியாவின் பகிர் தார் நகரில், புறப்பட்ட விமானம் ஒன்று புறாக் கூட்டத்தில் மோதியதால் 35 பேர் உயிரிழந்தனர். இத்தகைய மோதல்கள் விமான நிலையத்தின் எல்லையிலேயே, தரைக்கு மிக அருகில் நிகழ்பவை. பயணிகள் விமானங்களில் பறவை மோதும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை 150 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் நடக்கின்றன. அங்கே விழிப்புள்ள ஒரு காவல் வண்டியால் பயன் உண்டு.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட விமானத்தின் கதை வேறு. அது கனடா வாத்துகளோடு மோதியது ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், விமான நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. எஞ்சினில் கிடைத்த இறகுகளை ஆராய்ந்தபோது, அவை உள்ளூரில் தங்கியவை அல்ல, வலசை வந்தவை என்பது தெரிந்தது. 155 பேரும் பிழைத்தது விமானிகளின் திறமையால். அந்த உயரத்தை எந்த ஒலித் தோட்டாவும் எட்டாது.

இதனால் பறவைகளுக்குத் தீங்கு உண்டா?

பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், முறையாகப் பயன்படுத்தினால் தீங்கு மிகக் குறைவு. இரவில், பறவைகள் கூட்டமாக அடைந்திருக்கும் இடத்தில் வெடித்தால் தீங்கு பெரிது. 2010 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள பீபி என்ற ஊரில், சிவப்புத் தோள்பட்டை கொண்ட கருங்குருவிகள் ஆயிரக்கணக்கில் தெருக்களில் செத்து விழுந்தன. அடைந்திருந்த மரங்களிலிருந்து வாண வெடிகளால் கிளப்பப்பட்டு, இருளில் வழி தெரியாமல் வீடுகளிலும் மரங்களிலும் மோதி இறந்திருக்கின்றன. இறந்தவற்றின் உடல்களில் காணப்பட்டவை மோதலால் ஏற்பட்ட உட்காயங்களே. நெதர்லாந்தில் வானிலை ரேடாரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, புத்தாண்டு நள்ளிரவு வெடிகளுக்குப் பின் நீர்நிலைகளில் தங்கியிருந்த பறவைகள் பெருங்கூட்டமாக எழுந்து 500 மீட்டர் உயரம்வரை சென்றதைக் காட்டியது.

கூடு கட்டும் பருவத்தில் இதைப் பயன்படுத்தவே கூடாது என்பேன். தாய்ப்பறவை எழுந்து போன அந்தச் சில நிமிடங்களில் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகின்றன.

பறவைகளைக் காப்பாற்ற இதைப் பயன்படுத்துவதுண்டா?

உண்டு. இதை அறிந்தவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் நகரின் அருகே, கைவிடப்பட்ட செப்புச் சுரங்கக் குழி ஒன்றில் அமிலமும் உலோகங்களும் கலந்த நீர் ஏரிபோலத் தேங்கி நிற்கிறது. 1995 நவம்பரில் அதில் இறங்கிய பனிவாத்துகளில் 342 இறந்து கிடந்தன. அதன் பின்னர், வலசைப் பருவத்தில் ஆட்களை நிறுத்தி, துப்பாக்கி ஒலியாலும் பிற ஓசைகளாலும் இறங்கும் பறவைகளை உடனுக்குடன் கிளப்பி விடும் ஏற்பாடு செய்யப்பட்டது. பல ஆண்டுகள் அது நன்றாகவே பயனளித்தது. 2016 நவம்பரில் பனிப்புயலில் சிக்கிய பல்லாயிரம் பனிவாத்துகள் ஒரே நேரத்தில் அங்கே இறங்கியபோது, காவலர்கள் இயன்றவரை விரட்டியும் 3,000க்கும் மேற்பட்டவை மடிந்தன.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 2008 ஏப்ரலில், எண்ணெய் மணல் சுரங்கத்தின் கழிவுக் குளம் ஒன்றில் 1,600க்கும் மேற்பட்ட வாத்துகள் எண்ணெயில் ஊறி இறந்தன. அந்த ஆண்டு பறவை விரட்டும் பீரங்கிகள் உரிய காலத்தில் குளக்கரையில் நிறுத்தப்படவில்லை. நிறுவனம் 30 லட்சம் கனடிய டாலர் தண்டம் கட்ட நேர்ந்தது. கடலில் எண்ணெய் கசியும் இடங்களிலும் இதே நோக்கத்தோடு ஒலித் தோட்டாக்கள் ஏவப்படுகின்றன. அத்தகைய இடத்தில் ஒரு வேட்டு சரியான நேரத்தில் வெடிக்காமல் போவதே கொடுமை.

எரிவாயு பீரங்கியும் இதுவும் ஒன்றா?

இல்லை. பீரங்கியில் வெடிமருந்து கிடையாது. குழாய்க்குள் சிறிதளவு எரிவாயுவை நிரப்பித் தீப்பொறியால் பற்றவைக்க, அது முழங்குகிறது. ஓர் இடத்தில் நின்று, குறித்த இடைவெளியில் தானே முழங்கும் என்பது அதன் வசதி. அதுவே அதன் குறையும் ஆகும், ஏனெனில் பறவைகள் அதற்கு இன்னும் விரைவாகப் பழகுகின்றன.

மீயொலிக் கருவி வாங்கினால் சத்தமில்லாமல் விரட்டலாமா?

மனிதக் காதுக்கு எட்டாத அந்த மீயொலி பறவைகளின் காதுக்கும் எட்டாது. பறவைகள் நன்றாகக் கேட்பது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை. பணத்தை வீணாக்க வேண்டாம்.

சுடுபவருக்கு என்ன ஆபத்து? என்ன பாதுகாப்பு வேண்டும்?

கேட்புத்திறன் முதலில் பாதிக்கப்படும். 140 டெசிபல் உச்ச அளவைத் தாண்டும் திடீர் ஓசை ஒரே முறையில் காதுக்கு நிலையான கேடு விளைவிக்கலாம்; கைத்துப்பாக்கி ஏவிகள் முகத்துக்கு அருகில் அந்த அளவை எளிதில் தொடும். காதுக் காப்பும் கண்ணாடியும் இல்லாமல் ஒருமுறைகூடச் சுடக் கூடாது. வண்டிக்குள் அமர்ந்தபடி சன்னல் வழியே சுடுவதும் தவறு.

12 போர் தோட்டாவை வாய் குறுகலான குழல் கொண்ட துப்பாக்கியிலோ தானியங்கித் துப்பாக்கியிலோ இடக் கூடாது. குறுகாத குழலும், ஒரு முறை ஒரு தோட்டா மட்டும் ஏற்றும் அமைப்பும் உள்ள எளிய துப்பாக்கியே ஏற்றது. ஒவ்வொரு முறையும் சுட்ட பிறகு துப்பாக்கியைத் திறந்து குழலைப் பார்க்க வேண்டும். குப்பியோ அடைப்போ உள்ளேயே தங்கியிருந்து, அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்துவிடும். காய்ந்த புல், வைக்கோற்போர், எரிபொருள் கிடங்கு இருக்கும் திசையில் ஏவக் கூடாது. தனியாக இருக்கும்போது சுடாமல், உதவிக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

அவுட்டுக்காயும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கிறார்களே?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்வது எனக்குக் கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். அவுட்டுக்காய் என்பது உணவுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து, கடிக்கும் விலங்கின் வாயைச் சிதைக்கும் குற்றம். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சினையாக இருந்த ஒரு யானை அப்படித்தான் வாய் சிதைந்து, வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டது. ஒலித் தோட்டாவோ தொலைவில் வெடித்து, உயிரைத் தொடாமல் விலக்குவதற்கென உருவானது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தக் குற்றத்துக்கு ஒரு மறைப்பைத் தருகிறார்கள்.

இதே இடத்தில் கார்பைடு துப்பாக்கியையும் சொல்ல வேண்டும். குழாயில் கால்சியம் கார்பைடும் நீரும் சேர்த்து, எழும் வாயுவைப் பற்றவைக்கும் இந்தக் கருவி, வயல்களில் குரங்கையும் பறவையையும் விரட்ட உருவானது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் அது விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டு, ஏராளமான சிறுவர்கள் கண்ணில் காயப்பட்டனர். சிலர் பார்வையையே இழந்தனர். உடனே வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்ததே பலருக்கு வினையாயிற்று.

இந்தியாவில் ஒரு விவசாயி இதை வாங்கிப் பயன்படுத்தலாமா?

கடையில் போய்க் கேட்டு வாங்கும் பொருள் அன்று. 12 போர் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வெடிபொருளுக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். பயிர்க்காப்புக்காக, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க ஆயுதச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்தத் துப்பாக்கியில் இந்தத் தோட்டாவை இட முடியாது. அமெரிக்காவிலும்கூட 2011 முதல் இவற்றை வாங்க வெடிபொருள் உரிமம் கேட்கப்படுகிறது.

மயில், கிளி போன்றவற்றின் மீது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. அச்சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில் விலங்கைத் துரத்துதலும் இடம்பெறுகிறது. ஆகவே எதையும் தொடங்கும் முன் வனத்துறை அலுவலரிடம் எழுத்து வடிவில் கேட்டுக்கொள்வதே முறை.

பக்கத்து வீட்டார் முறையிட்டால் என்ன செய்வது?

முறையீடு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது மேல். பிரிட்டனில் உழவர் சங்கத்தின் நடைமுறைக் குறிப்பு, ஒலிக்கருவிகள் ஒரு மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் முழங்கக் கூடாது என்கிறது. மாட்டுக் கொட்டகை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றுக்கு அருகில் தேவைப்பட்டால் வேறு வழியைத் தேடுவதே நாகரிகம்.

பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய வயல்களில் பயன்படுத்தலாமா?

கூடாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியைச் சுற்றியுள்ள மக்களும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்து மக்களும், கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருந்துவருகிறார்கள். குழந்தைகளுக்கு வருடத்தில் ஒருநாள் கிடைக்கும் மகிழ்ச்சியையே விட்டுக்கொடுத்த ஊரின் எல்லையில் நின்று ஒருவர் தோட்டா ஏவுவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. அத்தகைய இடங்களில் வலை, காவல் ஆள், பறவைகள் குறைவாக வரும் பயிர் ஆகியவையே வழி.

வெடிக்காத தோட்டா ஒன்று தரையில் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்?

அதைத் தொடக் கூடாது, காலால் புரட்டவும் கூடாது. தாமதத் திரி உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். துப்பாக்கிக்குள்ளேயே வெடிக்காமல் நின்றுவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி, தயாரிப்பாளர் குறித்துள்ள நேரம் கழியும்வரை காத்திருந்து, அதன் பிறகே திறக்க வேண்டும். வயலில் கிடப்பதாயின் குழந்தைகளையும் மாடுகளையும் அப்பால் அனுப்பி, இடத்தை அடையாளமிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்வதோ, குப்பையோடு எரிப்பதோ, பிரித்துப் பார்ப்பதோ எந்த நிலையிலும் கூடாது.